ஒளி எட்டாத இடம்

சிறுமலையைச் சஞ்சீவி மலையின் ஒரு துண்டென்று திண்டுக்கல் சீமையார் பரம்பரையாகச் சொல்லி வருவதில் எவருக்கும் நஷ்டமில்லை. ஆனால், ஒரே வீச்சில் நோயை ஒழிக்கும் சஞ்சீவி எங்கேனும் இருந்தே தீரவேண்டும் என்னும் அந்த மனோபாவம் ஆஸ்பத்திரிக்குள்ளும் புகுந்து, 'லைட் காட்டினால் கிருமி செத்துவிடும்' என்று பேசத் தொடங்கும்போது வாளாவிருப்பது தகாது. 2020-இல் கொரோனாவுக்கு அஞ்சிய ஜனங்கள் புற ஊதா விளக்குகளை வாங்கிக் குவித்ததும், அவற்றைத் தோலில் காட்டலாகாதென்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்க நேர்ந்ததும் இந்நம்பிக்கையின் விளைவுகளே.

ஒளிக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தோல் காசத்தை ஒளியால் குணப்படுத்திய ஃபின்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். வாய்க்கான ஒளிச் சிகிச்சையிலும், மெதிலீன் ப்ளூ என்னும் சாயத்தைத் தடவிச் சிவப்பொளியைப் பாய்ச்சினால், சாயம் அவ்வொளியை உட்கொண்டு அருகிலுள்ள பிராணவாயுவை உக்கிரமாக்க, அது எதிர்ப்படும் வைரஸைச் சிதைக்கிறது. ஆயினும் சோதனைச்சாலைக் கிண்ணம் வேறு, நோயாளியின் வாய் வேறு. உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள்ளும் தொண்டையின் அடியிலும் கொரோனா வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் வரையில், ஒளியால் சுத்தமாக்கிய உமிழ்நீரில் அது மறுபடியும் வந்து கலக்கவே செய்யும். உதட்டில் கொப்புளமாகத் தோன்றும் ஹெர்பிஸோ மண்டையோட்டின் அடியிலுள்ள நரம்பு முடிச்சில் உறைவது. அங்கே எந்த விளக்கும் எட்டாது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாயமும் ஒளியும் கொண்டு ஹெர்பிஸுக்குச் செய்த சிகிச்சை பிரபலமாயிருந்தது. 1975-இல் போலிச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அதனால் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. தானாக ஆறிய புண்ணின் பெருமையை விளக்கு தட்டிக்கொண்டு போயிருந்தது!

வாய்க்கு உண்மையில் வேண்டியது விளக்கன்று, அன்றாடச் சுத்தமே. ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் வாயிலிருந்து நுரையீரலுக்கு இறங்கும் அழுக்கு நிமோனியாவுக்கு வழி வகுக்கிறது. 15 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சி, பல் துலக்கிவிடப்பட்ட நோயாளிகளிடையே இந்த நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டிற்று; செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடமே இப்பலன் தெளிவாகத் தெரிந்தது. தலைமாட்டை உயர்த்தி, மெல்லிய பிரஷ்ஷால் பல்லையும் நாக்கையும் தேய்த்து, தேங்கும் எச்சிலை உறிஞ்சு குழாயால் எடுத்துவிடும் அந்த எளிய பணிக்கு விளம்பரமும் இல்லை, மெச்சுவாரும் இல்லை. ஒளிச் சிகிச்சையை ஆராய்வோர் ஆராயட்டும். அதன் பேரால் இப்பணி ஒரு வேளையும் தவறலாகாது.

ஆகவே, மலைக் கிராமத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வரும் அன்பர்களே, "லைட் வைப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், "இன்று எங்கள் ஐயாவுக்கு வாய் சுத்தம் செய்தாயிற்றா?" என்று கேளுங்கள்.