'ஏலியாஸ்' என்றால் கள்ளப் பெயரா?

போலீஸ் செய்திகளில் அடிக்கடி வருவதால், 'ஏலியாஸ்' என்றாலே கள்ளப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். லத்தீனில் அது வெறும் வினையடை. 'வேறொரு சமயத்தில்', 'வேறு விதமாக' என்று பொருள். 'மற்ற' என்னும் 'அலியுஸ்' அதன் வேர். குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தேன் என்னும் 'அலிபி', அயலாரைக் குறிக்கும் 'ஏலியன்' இரண்டும் அதே குடும்பம்.

பினாங்கிலேயே பாருங்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் இதற்கு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்று பெயரிட்டார், நிலைத்தது பினாங்கு. பிட் ஸ்திரீட் இன்று ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங். லெபோ பசார் நமக்குக் கடைத்தெரு. இதில் எது கள்ளப் பெயர்?

நம் அடையாள அட்டைகளில் இரு பெயர்களுக்கு நடுவே வரும் '@' குறியும் ஏலியாஸ்தான். என் அப்பாவின் அட்டையிலும் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட இன்னொன்று. இரண்டுமே தாத்தா வைத்தவை.

இணையப் பாரம் சில சமயம் அந்தக் குறியை ஏற்காது. அதற்காக ஒரு பெயரை நீங்களே வெட்டிவிடாதீர்கள். எப்படி எழுதுவது என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு நிரப்புங்கள். கடப்பிதழும் விமான டிக்கெட்டும் ஒத்துப்போகவேண்டும் அல்லவா? கூச்சம் மட்டும் வேண்டாம். இரண்டும் உங்கள் பெயரே.