நீரின் மேல் ஒரு நாள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கணவர் பணிபுரியும் சகோதரி ஒருவர் சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தார். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் ஒருவர் தனியாக ஆற்றில் சென்று மீன் பிடிப்பதையும், வழியில் பறவைகளையும் விலங்குகளையும் கண்டு களிப்பதையும் அவருடைய பிள்ளைகள் படத்தில் பார்த்தார்களாம். "நம் பக்கத்தில் இப்படி ஓர் இடம் உண்டா? விடுமுறையில் படகேறலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவருடைய கேள்விகள் இரண்டு. முதலாவதற்கு ஆம் என்பதும், இரண்டாவதற்கு வேண்டாம் என்பதும் என் பதில்.

இடம் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் மிகும். பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். அதனால்தான் இறாலும் மடவையும் கொடுவாவும் அங்கே செழித்து வளர்கின்றன.

நம் வாசகர்களில் பலருக்கு இவ்வூரின் பெயர் வேறொரு வகையிலும் பழக்கமானது. மலேசியாவில் ஆண்கள் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட கைலியை அங்கே 'காயின் பெலேகாட்' என்பார்கள். பெலேகாட் என்பது பழவேற்காடுதான்! 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டித் துணி வாணிகம் செய்தார்கள். இன்று கோட்டை இருந்த இடம் புதர்க்காடு; அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் எஞ்சியுள்ளது. நம் சமுதாயப் பெண்களோ இன்றளவும் அவ்வூரில் பனையோலையில் சாயமேற்றி அழகிய பெட்டிகள் முடைகிறார்கள்.

மீன்பிடிப்பு அங்கே பொழுதுபோக்கன்று. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் எவர், எந்நாளில் வலையிடுவது என்பதை மீனவர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்கிறார்கள். இதற்குப் 'பாடு' என்று பெயர். வலியவன் ஒருவனே அள்ளிக்கொண்டு போகாமல் காக்கும் இவ்வேற்பாடு எந்தச் சட்டப் புத்தகத்தையும் பார்த்து எழுந்ததன்று. இருளர் மக்களுக்கு வலையும் இல்லை. ஆழமற்ற நீரில் தவழ்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி, அகப்பட்ட இறாலைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப்பறியில் இடுகிறார்கள். இருகைகளும் வேலையில் இருக்கப் பறியை வேறெப்படிப் பிடிப்பது? மதரஸா மாணவர்கள் சிலரை ஒருமுறை அழைத்துச் சென்றபோது, ஒரு மூதாட்டி இவ்வாறு இறால் பிடிப்பதை அவர்கள் வாய்மூடிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வகுப்பில் அத்தகைய அமைதியை நான் கண்டதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. 2011 டிசம்பர் 25ஆம் நாள், விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பங்கள் ஏறிச் சென்ற படகொன்று பழவேற்காட்டில் கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிதவை அங்கி அணிந்திருந்தால் பலர் பிழைத்திருக்கக்கூடும். அதன் பின்னரே அங்கு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆயினும் விடுமுறை நாட்களில் கரையில் நின்று, "ஒரு சுற்று மட்டும் போய்வரலாம்" என்று மீனவரிடம் காசு காட்டுவோர் உண்டு. தந்தையர்களே, அந்த மீன்பிடி படகு வலைக்கும் மீனுக்குமாகச் செய்யப்பட்டது. இடுப்பளவு நீர் என்ற எண்ணத்தில் ஏமாறாதீர்கள். முகத்துவாரத்தருகே ஏற்றவற்றத்தின் இழுப்பு பலமானது. மணல்திட்டுகளோ இடம் மாறிக்கொண்டே இருக்கும். கயாக்கில்தான் செல்ல வேண்டுமென்றால் முதலில் பிள்ளைக்கு நீச்சல் கற்பியுங்கள். பிறகு, பயிற்சியாளரும் மிதவை அங்கியும் உள்ள பயிற்சி நிலையத்தைத் தேடுங்கள். கோவளம் பக்கம் அத்தகையவை இருக்கின்றன.

படகேறாவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை என்பதே என் எண்ணம். பூநாரைகளைக் காண எதற்குப் படகு? படகு நெருங்கினால் கூட்டமே எழுந்து பறந்துவிடும். இரை தேடும் நேரமும் வலுவும் அவற்றுக்கு வீணாகும். நவம்பர் முதல் மார்ச் வரை வரும் இப்பறவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டி நுண்ணுயிர்களை உண்கிறது. அதன் இளஞ்சிவப்பு அந்த உணவிலிருந்து வந்த நிறம். குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே இருக்கும். கூழைக்கடா, சங்குவளை நாரை, ஊசிவால் வாத்து, ஆலா ஆகியவற்றையும் கரையிலிருந்தே காணலாம். ஏரியின் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இப்பறவைகளுக்கும் பாடுகள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, உடலெங்கும் கறுப்பு அப்பிய கூழைக்கடாக்களின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். எண்ணூர்க் கழியில் வலைவீசும் மீனவர்கள் அன்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கொசத்தலையாற்றின் கடைமடை அது. தொழிற்சாலைகளால்தான் நம்மில் பலருடைய அடுப்பு எரிகிறது என்பதை நான் மறக்கவில்லை. எனினும், அதே சம்பளத்தில் வாங்கும் இறால் எந்த நீரில் வளர்ந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டல்லவா?

சகோதரிக்கு வழி சொல்லி முடிக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் காலை ரயிலேறி சூளூர்ப்பேட்டையில் இறங்குங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியின் ஊடே போகிறது, இருமருங்கிலும் பறவைகள்தான். சாலையோரம் ஒதுங்கி நின்று, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். தொலைநோக்கி ஒன்று இரவல் கிடைத்தால் நலம். வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். நேரமானால் கானல் அசைந்து, தூரத்துப் பறவை வெறும் வெண்கோடாகத்தான் தெரியும்.