உங்கள் அமானிதம் யார் கையில்?



சீட்டுப் பணம், கடை வருமானத்தில் மிச்சம் பிடித்தது, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பியது என்று சிறுகச் சிறுகச் சேர்ந்து ஒரு தொகையாகும்போது, "இதை எங்கே போட்டு வைப்பது?" என்ற கேள்வி நம் வீடுகளில் எழுகிறது. ஹட்டன், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்குப் பெரிய வங்கிகள், நிதிக் கம்பனிகள், கூட்டுறவுக் கிராமிய வங்கிகள், சிக்கனக் கடனுதவுச் சங்கங்கள் என்று வழிகள் பல. "அங்கே இருப்பவர் நமக்குத் தெரிந்தவர், நல்ல மனிதர்" என்று நம்பித்தான் பலர் கொடுக்கிறார்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் நாம் கொடுக்கும் பணம் அவருடைய பெட்டகத்தில் தூங்குவதில்லை. இன்னொருவருக்குக் கடனாகப் போய்விடுகிறது. அந்தக் கடன் திரும்பி வந்தால்தான் நம் பணமும் திரும்பி வரும்.

இந்தப் பாடம் மலைநாட்டுக்குப் புதியதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே விளைந்தது கோப்பி. அந்நாளில் இலங்கையின் பெரிய வங்கி ஒரியன்டல் வங்கி. அது கோப்பித் தோட்டங்களுக்கு அள்ளிக் கடன் கொடுத்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, கடன்கள் முடங்கின, 1884 மே மாதம் வங்கி கதவைச் சாத்தியது. அது வெளியிட்ட நோட்டுகள் மக்கள் கையில் புழங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அறிவித்ததால்தான் நோட்டு வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1888இல், தேயிலைத் தோட்டக்காரர்களை நம்பி ஹட்டனில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஒரு சிறு வங்கியைத் தொடங்கினார்கள். அதன் வழிவந்ததுதான் இன்று நாடெங்கும் கிளை பரப்பியுள்ள ஹட்டன் நெஷனல் வங்கி. பெரியது விழுந்தது, சிறியது நிலைத்தது. ஆகவே கட்டடத்தின் உயரத்தைப் பார்த்தோ, முகப் பழக்கத்தைப் பார்த்தோ முடிவு செய்யாதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: வாங்கும் பணத்தை எங்கே கடனாகக் கொடுக்கிறார்கள்? எல்லாமே ஒரே தொழிலை நம்பியிருந்தால் ஆபத்து. 2021இல் இரசாயன உரம் தடை செய்யப்பட்டபோது தேயிலை விளைச்சல் எப்படி விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். தோட்டம் தளர்ந்தால் தோட்டத்தை நம்பிய கடையும் தளரும். இரண்டுக்கும் கடன் கொடுத்த சங்கமும் தளரும்.

இரண்டாவது: சொந்தப் பணம் எவ்வளவு, வராத கடன் எவ்வளவு? கணக்காய்வு செய்யப்பட்ட ஐந்தொகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சங்கம் கொடுத்த 100 ரூபா கடனில் 10 ரூபா அதன் சொந்த மூலதனம், 90 ரூபா நம்முடைய வைப்பு என்று வையுங்கள். 5 ரூபா வராமல் போனால் சங்கம் தாங்கிக்கொள்ளும். 15 ரூபா போனால், சங்கத்தின் 10 ரூபாவும் கரைந்து, நம் பணத்திலும் 5 ரூபா போய்விடும். இந்தச் சின்னக் கணக்கு தெரிந்தால் போதும், பெரிய அறிக்கையும் பிடிபடும். சங்கத்தில் அங்கத்தவரானால் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய் இதைக் கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது: மேற்பார்வை செய்வது யார்? வங்கிக்கும் நிதிக் கம்பனிக்கும் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களைக் கவனிப்பது கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம். 2008இல் கவிழ்ந்த கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி அனுமதியின்றியே வைப்புப் பணம் வாங்கியது. மற்ற இடங்களில் கிடைக்காத ஆதாயத்தைக் காட்டியே ஆயிரக்கணக்கானோரை இழுத்தது. ஊரில் எவரும் தராததை ஒருவர் தருவதாகச் சொன்னால் அங்கேயே நின்று யோசியுங்கள். அனுமதி மட்டும் இருந்தாலும் போதாது. 2002இல் மூடப்பட்ட பிரமுக வங்கியும், 2020இல் அனுமதி இரத்தான த பினான்ஸ் கம்பனியும் அனுமதி பெற்றவைதாம்.

நான்காவது: விழுந்தால் என்ன கிடைக்கும்? மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010இல் தொடங்கியது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கான காப்புத் தொகை 2021இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. த பினான்ஸ் விழுந்தபோது அது 6 இலட்சமாக இருந்தது; அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கூட்டுறவுச் சங்கங்கள் இந்தத் திட்டத்தில் சேரவில்லை. அதற்காகச் சங்கத்தை ஒதுக்க வேண்டாம். அவசரத்துக்குக் கைகொடுப்பது அதுதான். ஆனால் மகளின் கல்யாணப் பணம் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

வட்டியில்லா முறையை நாடும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பெயர்ப்பலகையில் "ஹலால்" என்றும் "இலாபப் பங்கீடு" என்றும் இருப்பது இந்த நான்கு கேள்விகளுக்கும் பதிலாகாது. இலாபத்தில் பங்கு என்றால், நட்டம் வந்தால் யார் தலையில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

"இப்படியெல்லாம் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களே" என்று தயங்க வேண்டாம். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்டது. நேர்மையாக நடத்துபவர் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கணக்கை எடுத்து உங்கள் முன் விரிப்பார். விரிக்க மறுப்பவரிடம் உங்கள் அமானிதத்தை ஒப்படைக்காதீர்கள்.