இன்னொரு செங்கல்

ராக்கெட் விட என்னென்ன வேண்டும்? ராக்கெட், காலி பாட்டில், ஊதுவத்தி, கொஞ்சம் மூளை. 1993 தீபாவளியன்று என்னிடம் முதல் மூன்றும் இருந்தன.

ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். எனக்குப் பன்னிரண்டு வயசு. ஐப்பசி மழையில் கொல்லைத் தரை அல்வா மாதிரி இருந்தது. அதில் ஒரு கலர் பாட்டிலை நிறுத்தி, ராக்கெட்டைச் செருகி, திரியில் வைத்துவிட்டு ஓடினேன். கால் பட்டதோ, ஈர மண் உள்வாங்கியதோ, பாட்டில் படுத்துவிட்டது. வானத்துக்குப் போக வேண்டிய ராக்கெட் தரையோடு சீறி, சின்னம்மா வீட்டு மாட்டுக் கொட்டகையின் இறவாரத்துக்குள் புகுந்தது.

நனைந்த கூரை எப்படிப் பற்றும் என்பீர்கள். மேலேதான் சார் ஈரம். உள்பக்கம் அடுப்பெரிக்கிற மாதிரி காய்ந்த கீற்று!

மாட்டை அவிழ்க்கச் சின்னம்மா உள்ளே ஓடினாள். முதலில் மாடு வந்தது. பின்னால் சின்னம்மா, வலது கை வெந்துபோய். உடனே ஒரு பெரியவர் வைத்தியராகி, ஒரு புட்டி பேனா இங்க்கை அந்தக் கையில் கவிழ்த்தார். ஆஸ்பத்திரியில் காயத்தின் ஆழம் பார்க்க, முதலில் அந்த நீலத்தைக் கழுவ வேண்டியிருந்தது. கழுவும்போது சின்னம்மா கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

(சுட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஐஸ், இங்க், பேஸ்ட் எதுவும் வேண்டாம். தோசை மாவு தோசைக்கே இருக்கட்டும். பிறகு டாக்டர்.)

கொட்டகையைத் திரும்பக் கட்டினோம். அதை 2018 நவம்பரில் கஜா புயல் கொண்டுபோனது. அந்தப் பாவம் மட்டும் என் கணக்கில் இல்லை.

போன தீபாவளிக்கு மச்சான் முப்பது ஷாட் பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினார்.

"மாப்ளே, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ல வெச்சா ஊரே பார்க்கும்!"

"ஊரே பார்க்கும் மச்சான், நாம ஆஸ்பத்திரிக்குப் போறதை."

அந்தப் பெட்டிக்குள் இருப்பது வரிசையாக நிற்கும் குட்டிக் குழாய்கள். ஒவ்வொரு ஷாட்டும் மேலே போகும்போது பெட்டியைக் கீழே ஒரு உதை உதைக்கும். தரை மெத்தென்றிருந்தால் நாலாவது உதையில் சாயும், அஞ்சாவது ஷாட் யார் வீட்டு ஜன்னலுக்கோ! திரி பற்றிய பிறகு நிறுத்த முடியாது.

அதனால் வெளிச்சம் இருக்கும்போதே கொல்லையில் இறங்கினேன். 2018-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டு மணி நேரம்தான் வெடி என்றது. நம்ம அரசு அதைக் காலை 6-7, மாலை 7-8 என்று பிரித்தது. ஏழு மணிக்கு மேல் இருட்டில் செங்கல் தேடுகிற அவசரத்தில்தான் கை சுடுகிறது என்பது என் கட்சி.

கூரைகளுக்குத் தள்ளி, கெட்டித் தரையில் மட்டமாக ஒரு பலகை. மேலே பெட்டி. நாலு பக்கமும் செங்கல், அதைச் சுற்றிப் பாதி உயரத்துக்கு மணல். வாயை மட்டும் மூடக்கூடாது. ராக்கெட்டுக்கு வாளி நிறைய மணல், அதில் கழுத்து வரை புதைத்த பாட்டில். குச்சி உள்ளே லூஸாக வழுக்க வேண்டும். இறுகினால் பாட்டிலும் கூடவே கிளம்பும். நீளக் குச்சியில் கட்டிய ஊதுவத்தி. பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். பிடிக்காமல் போனதைக் குனிந்து பார்க்கவே கூடாது. அரை மணி விட்டு, தள்ளி நின்று தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான்.

"வெடி விடறியா, வீடு கட்டறியா?" என்றார் மச்சான்.

ஏழு மணி. ஊதுவத்தியோடு அவர் கிளம்பினார். திண்ணையிலிருந்து சின்னம்மா குரல்.

"டேய், அது ஆடுதான்னு ஒரு தடவை அமுக்கிப் பாருடா!"

மச்சான் என்னைப் பார்த்தார். போய் அமுக்கிப் பார்த்தேன்.

ஆடியது.

இன்னொரு செங்கல் கொண்டுவந்து வைத்தோம்.