நீர்த்தேக்கம் காணச் செல்வோருக்கு

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் வந்துவிட்டால், ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதையில் வாகனங்களுக்குக் குறைவில்லை. வழியிலே காசல்றீ நீர்த்தேக்கம், அப்பால் மவுஸ்ஸாகலை. வண்டியை நிறுத்துகின்றனர், படம் பிடிக்கின்றனர், போய்விடுகின்றனர். நம்மவரும் இதற்கு விலக்கல்லர். அழகை இரசிப்பதில் எமக்கு யாதோர் ஆட்சேபமுமில்லை. ஆயினும் அணைக்கட்டு அருவியன்று. மனிதர் தீர்மானித்துக் கட்டிய ஒன்றைக் காணும்போது, அதற்காகக் கொடுத்தவர் எவர், அதனாற் பெற்றவர் எவர் என்று கேட்பது பார்வையாளனின் கடமையாகும்.

முதலில் அந்நீரின் பிரயாணத்தை அறிந்துகொள்வது நன்று. காசல்றீயில் தேங்கும் கெஹெல்கமு ஓயாவின் நீர், குழாய்வழி இறங்கி 1965 இல் அமைந்த விமலசுரேந்திரா நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. பின்னர் நோர்ட்டன் அணையில் மீண்டும் மறிக்கப்பட்டுப் பழைய லக்ஷபான நிலையத்திற் பாய்கிறது. அதன் கீழே, மஸ்கெலி ஓயாவின் நீரும் வந்துசேர, பொல்பிட்டியவில் மூன்றாம் முறையும் வேலை செய்கிறது. அதன் பின்னரே களனி கங்கையாகக் கடலை நோக்கிச் செல்கிறது. மேற்குளத்து வயலிற் பாய்ந்து வடிந்த நீரைக் கீழ்க்குளத்திலே தேக்கி மறுபடியும் பயிர் செய்யும் வன்னிக் கமக்காரனுக்கு இந்த யுக்தியை எவரும் விளக்கவேண்டியதில்லை. அவன் கண்டால் மெச்சுவான்.

இதனைக் கனவு கண்டவர் பொறியியலாளர் விமலசுரேந்திரா. 1918 ஆம் ஆண்டிலேயே இலங்கையின் நீர்மின்சாரம் பற்றிய தமது கட்டுரையைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் வாசித்தார். வேலை தொடங்கி, நின்று, மீண்டும் தொடங்கி, 1950 இலேதான் லக்ஷபானவில் மின்சாரம் பிறந்தது. மூன்று ஆண்டுகளின் பின் அவர் மறைந்தார். இத்துணைத் தாமதத்திற்கு மலையோ ஆறோ காரணமன்று.

அதே 1950 ஐ வேறொரு பக்கமிருந்தும் நோக்குக. அந்த மலைச்சரிவுகளைத் தேயிலையாக்கிய தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர், 1948 ஆம் ஆண்டின் சட்டத்தினாற் பிரசாவுரிமை இழந்து நின்ற காலமது. மின்கம்பிகள் அவர்தம் தலைக்கு மேலாகக் கொழும்புக்குச் சென்றன; கீழேயிருந்த லயங்களிற் பலவற்றில் பல்லாண்டுகளாக மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 1969 இல் மவுஸ்ஸாகலை நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றுங்கால், அந்நகரத்துக் கோயிலின் கட்டிடம் இன்றும் வெளியே தலைகாட்டும். அதனைக் காணவும் கூட்டம் கூடுகிறது! தம் வீடும் கடையும் இருந்த இடத்தைக் கரையில் நின்று நோக்கும் முதியவரை, படம் பிடிக்கும் அவசரத்திலே எத்தனை பேர் கவனிப்பர்?

மின் நிலையத்தினுள் நினைத்தவுடன் எவரும் நுழைய இயலாது. முன் அனுமதி வேண்டும். பாதுகாப்பின் பொருட்டு இது நியாயமே. ஆயினும் குறித்த சில நாட்களிலேனும் பாடசாலை மாணவருக்கும் கமக்காரர் சங்கங்களுக்கும் கதவைத் திறந்து, யந்திரங்களைத் தமிழிலே விளக்கிக்கூறவும் ஒருவரை நியமித்தல் நிர்வாகத்தினருக்குப் பெருஞ் செலவன்று. அங்ஙனம் விளக்குபவர் மூழ்கிய நகரத்தின் கதையையும் சேர்த்தே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சுற்றுலா ஒழுங்குசெய்யும் ஆசிரியர்கள், நுவரெலியாப் பூந்தோட்டத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து, இதற்கான விண்ணப்பத்தை இப்பொழுதே எழுதி அனுப்புவார்களாக.