பொத்தான் நம் கையில், வேலை அவர் கையில்!

மதுரை கீழமாசி வீதியின் மொத்தக் கடைச் சிப்பந்தியிடமும், மேலூர், உசிலம்பட்டி கிராமங்களில் தவணை வசூலிக்கும் ஊழியரிடமும் முதலாளிமார் ஒரு சிம் கார்டை நீட்டுகிறார்கள். "உன் போனிலேயே போட்டுக்கொள். சொந்த நம்பர் ஒரு பக்கம், ஆபீஸ் நம்பர் ஒரு பக்கம்" என்கிறார்கள். என்னே உபகாரம்!

போன் யாருடையது? தொழிலாளியுடையது. அதை வாங்கிய கடன்? தொழிலாளியுடையது. உடைந்தால் ரிப்பேர்? அதுவும் தொழிலாளி தலையில்!

"வேலை முடிந்ததும் ஆபீஸ் சிம்மை அணைத்துவிடலாமே" என்று சிலர் உபதேசிக்கிறார்கள். அணைக்கலாம், போனில் அதற்கு வசதி உண்டு. ஆனால் அணைத்தவரை மறுநாள் காலை காப்பாற்றுவது யார்?

1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பு எந்தக் கணக்கில் சேரும்? பிரான்சில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இங்கேயும் 2021-ல் அதே 1947 சட்டத்தைத் திருத்தித்தான் கடை ஊழியர் உட்கார ஆசனம் கிடைத்தது. நாள் முழுதும் நின்ற கால்களுக்குக் கிடைத்த உரிமை, ஓயாத காதுகளுக்கு ஏன் கூடாது?

நாம் கேட்பது இதுதான்: வேலைக்கான போனையும் ரீசார்ஜையும் முதலாளி தரட்டும். நேரம் கடந்த அழைப்புக்கு ஓவர்டைம் தரட்டும். எடுக்காதவரைத் தண்டிக்கக் கூடாதெனச் சட்டம் சொல்லட்டும்.

தனியாக அணைத்தால் வேலை போகும். சங்கமாகச் சேர்ந்து அணைப்போம்!