வீவக வீட்டில் நாய்: விதி சொல்லாததைச் சொன்னவர்கள்

எங்கள் வீட்டு நாய் மைலோவின் தோள்பட்டை உயரம் 52 செண்டிமீட்டர். இந்த எண் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். அது 55ஐத் தாண்டியிருந்தால் மைலோ எங்கள் ஈசூன் வீட்டுக்கு வந்திருக்கவே முடியாது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வீட்டுக்கு ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்கவேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். மைலோ எந்த இனத்திலும் சேராதவன். கட்டுமானத் தளங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் காவலுக்கு இருந்து, வேலை முடிந்ததும் கைவிடப்பட்ட நாய்களின் வழிவந்தவன். இப்படிப்பட்ட கலப்பின நாய்களை இங்கு 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாக அழைப்பார்கள். விலங்குநல அமைப்புகள் மூலம் இவற்றைத் தத்தெடுத்து வீவக வீட்டில் வளர்க்க 'அடோர்' திட்டம் வழிவிடுகிறது. 2020 மார்ச்சில் அத்திட்டத்தின் விதிகள் தளர்த்தப்பட்டன. எடை வரம்பு நீங்கியது. உயர வரம்பு 50லிருந்து 55 செண்டிமீட்டரானது. அந்த ஐந்து செண்டிமீட்டருக்குள்தான் மைலோ இருக்கிறான்.

கருத்தடை, மைக்ரோசிப், உரிமம், அடிப்படைப் பயிற்சி என்று விதி கேட்ட எல்லாவற்றையும் செய்தோம். ஆனால், 11வது மாடியில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் நாய் மின்தூக்கியைக் கண்டாலே தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் படிவத்திலும் இல்லை.

மைலோ அப்படித்தான் படுத்தான். பிறந்தது முதல் மண்ணிலும் கூண்டிலும் இருந்தவனுக்கு, தானாகத் திறந்து மூடும் இரும்புப் பெட்டி எப்படித் தெரிந்திருக்கும்? முதல் வாரம் 18 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு நானும் அண்ணனும் மாற்றி மாற்றிப் படியிறங்கினோம். இரவில் ஊளையிட்டான். மூன்றாம் நாள் காலையில் எங்கள் வாயிற்கதவில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. பெயர் இல்லை. சத்தம் தொடர்ந்தால் புகார் செய்யப்போவதாக எழுதியிருந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, “திருப்பிக் கொடுத்துடலாமா?” என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிரவுதான் கலப்பின நாய் வளர்ப்போரின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், டாக்சி ஓட்டுநர், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் என்று யார் யாரோ இருந்தார்கள். நான் மின்தூக்கி என்றதும் ஒரு சீன ஆன்டி கேட்ட முதல் கேள்வி, “எந்த மாடி?”

அவர் சொன்ன வழி எளிது; பொறுமைதான் தேவை. முதல் நாள் மின்தூக்கிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவித்த கோழித்துண்டு கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த சில நாள்கள் கதவு திறந்து மூடும்போது கோழி. பிறகு அண்ணன் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தே வைத்திருக்க, உள்ளே போய் உடனே வெளியே வருவது. அதன்பின் ஒரே ஒரு மாடி. மூன்று வாரத்தில் மைலோ தரைத்தளம் வரை நின்றுகொண்டே வந்தான்.

இரவுச் சத்தத்துக்கு, முதலில் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்கச் சொன்னார் ஒருவர். கேட்டபோதுதான் தெரிந்தது, நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் எழுந்து ஊளையிடுகிறான் என்று. தனிமைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். படுக்கையை வாசலிலிருந்து பின்னறைக்கு மாற்றி, ஒரு மின்விசிறியையும் ஓடவிட்டோம். சத்தம் பெருமளவு குறைந்தது. இரண்டாவது சீட்டு வரவில்லை.

குழுவில் வந்த எல்லா யோசனையும் நல்ல யோசனை அல்ல. கழுத்துவாரைச் சுண்டி இழுத்து, 'ஆல்ஃபா' யார் என்று நாய்க்குக் காட்டவேண்டும் என்றார் ஒருவர். இந்த 'ஆல்ஃபா' ஓநாய்க் கருத்தைத் தம் 1970ஆம் ஆண்டு நூலின் வழி பரவலாக்கிய அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், 1999இல் தாமே அதைத் திருத்தி எழுதினார். காட்டில் வாழும் ஓநாய்க்கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் அவர்களின் குட்டிகளும் சேர்ந்த குடும்பம்தான். பதவிக்கு அடித்துக்கொள்ளும் படை அல்ல என்பது அவர் கண்டது. நூலைத் திருத்த விரும்பியவரே திருத்திய பிறகும், அந்தப் பழைய கருத்து நம் புளோக்குக்குக் கீழே உள்ள திடல்களில் இன்னும் உலவுகிறது.

குழு எனக்குக் கற்றுத்தந்ததில் நான் அதிகம் மதிப்பது நாயைப் பற்றியதே அல்ல. எங்கள் மாடியில் ஒரு மலாய் மக்சிக் இருக்கிறார். நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி ஏழு முறை கழுவித் தூய்மை செய்யவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அவருக்கு மைலோ ஆபத்தானவன் அல்ல. ஆனால் அவன் நக்கிவிட்டால் தொழுகைக்குக் கிளம்பியவர் வீட்டுக்குத் திரும்பவேண்டும். “மின்தூக்கி வந்ததும், உள்ளே யாராவது இருந்தால் நீ காத்திரு. கேட்கவைக்காதே, நீயாகவே காத்திரு” என்றார் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். வாரைக் குட்டையாகப் பிடித்து, நாயைச் சுவருக்கும் காலுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். பொது இடத்தில் நாயை வாரில் கட்டவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அடுத்த மின்தூக்கிக்குக் காத்திரு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இப்போது மக்சிக் தூரத்தில் நின்றபடியே, “மைலோ சாப்பிட்டானா?” என்று கேட்கிறார்.

சென்ற ஆண்டு மைலோ இரண்டு நாள் சாப்பிடவில்லை. குழுவில் கேட்டேன். பூசணியும் சோறும் கொடு என்றார் ஒருவர். அரை பெனடால் கொடுத்துப் பார் என்றார் இன்னொருவர். நான் மாத்திரைப் பெட்டியைத் திறந்துவிட்டேன் என்பதை இப்போதும் கூச்சத்துடன்தான் சொல்கிறேன். அதற்குள் ஆன்டி தொலைபேசியில் அழைத்துவிட்டார். “மாத்திரை வேண்டாம். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார். என்ன நிறம்?” வெளிறியிருந்தது. “இனி எங்களிடம் கேட்காதே. இப்போதே மருத்துவரிடம் போ.”

உண்ணிகள் பரப்பும் 'டிக் ஃபீவர்'. ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. நான்கு வாரம் ஆன்டிபயாட்டிக் மாத்திரை. பெனடாலில் உள்ள பாரசிட்டமால் நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும் என்று மருத்துவர் விளக்கியபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த இரவின் கட்டணம், துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து நான் ஒரு மாதத்தில் ஈட்டுவதைவிட அதிகம்.

பெனடால் என்று எழுதியவர்மீது எனக்குக் கோபமில்லை. நாய்களுக்குப் பலதுறை மருந்தகம் கிடையாது, மெடிசேவ் கிடையாது. இங்கே கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பும் இல்லை; அதைப் படிக்க விரும்புவோர் ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ போகவேண்டும். பணத்தை எண்ணிப் பார்ப்பவர்கள் முதலில் சக உரிமையாளர்களைக் கேட்பது இயல்பு. ஆகவே, மருத்துவரிடம் மட்டும் கேளுங்கள் என்று அறிவுறுத்துவதால் மட்டும் பயனில்லை. தனக்குத் தெரிந்ததன் எல்லை எது என்று அறிந்தவர்கள் அந்தக் குழுக்களில் இருக்கிறார்களா என்பதே என் கேள்வி. எங்கள் குழுவில் ஒருவர் இருந்தார். அது அதிர்ஷ்டம். ஈறின் நிறம், மூச்சு, வீக்கம் என்று 'உடனே மருத்துவரிடம் போக வேண்டிய' அறிகுறிகளை இப்போது எங்கள் குழுவின் முகப்பில் பொருத்தி வைத்திருக்கிறோம். விலங்குநல அமைப்புகளும் அதிகாரிகளும் இத்தகைய குழுக்களைத் தேடிவந்து, மூத்த உறுப்பினர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்தால் அதிக செலவாகாது.

இது நாய்களோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2024 செப்டம்பர் 1 முதல், சுமார் 35 ஆண்டுத் தடைக்குப் பிறகு, வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்கலாம். முதன்முறை உரிமம் எடுப்போருக்கு இணையவழிப் பயிற்சியும் உண்டு. பயிற்சி நல்லது. நானும் பரிந்துரைப்பேன். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அது தொலைபேசியில் அழைத்து “என்ன நிறம்?” என்று கேட்காது.

ஆன்டியை நான் இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனேன். நன்றி சொல்லத் தொடங்கியதும், தம் முதல் நாய்க்கு யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

போன வாரம் குழுவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். நாயின் உயரம் 54 செண்டிமீட்டராம். மின்தூக்கி முன்னால் படுத்துக்கொண்டு எழ மறுக்கிறதாம். ஆன்டி இன்னும் பதில் போடவில்லை. நான் தட்டச்சு செய்தேன்: “எந்த மாடி?”